கண்ணாடி மட்டும் மாற்றினால் போதும் என்றார் கடைக்காரர்

பேருந்திலிருந்து இறங்கும்போது சட்டைப் பையிலிருந்த போன் குப்புற விழுந்தது. எடுத்துப் பார்த்தால் மேல் மூலையிலிருந்து சிலந்தி வலை மாதிரி விரிசல், விரல் வைத்தால் கண்ணாடித் தூள் ஒட்டுகிறது. பதினெட்டாயிரம் ரூபாய் போன், இன்னும் ஐந்து மாதத் தவணை பாக்கி. சர்வீஸ் சென்டரில் டிஸ்ப்ளே முழுவதும் மாற்ற 8,900 கேட்டார்கள். வாங்கும்போது பில்லில் சேர்த்திருந்த பாதுகாப்புத் திட்டத்தைத் தேடி எடுத்தேன், உடைந்த இரண்டு நாளுக்குள் சொல்ல வேண்டுமாம், நான் போனது நான்காம் நாள்.

அப்புறம் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் முதலில் வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்து, கறுப்புத் திட்டோ கோடோ இருக்கிறதா என்று பார்த்தார், பிறகு ஒரு ஐகானைத் திரை முழுக்க இழுத்து டச் எங்காவது விட்டுப்போகிறதா என்று சோதித்தார். எதுவும் இல்லை. அப்படியென்றால் உடைந்தது மேல் கண்ணாடி மட்டும்தான், உள்ளே டிஸ்ப்ளே நன்றாக இருக்கிறது என்றார். சூடான தட்டில் வைத்து, மெல்லிய கம்பியால் கண்ணாடியை அறுத்துப் பிரித்து, பழைய பசையைத் துடைத்துப் புதியதை ஒட்டினார். 1,800 ரூபாய், இரண்டு மணி நேரம்.

பிரிக்கும்போது டிஸ்ப்ளே போனால் யார் பொறுப்பு என்று முன்பே கேட்டு, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போட்டோ, தொடர்பு எண்களையும் முதலில் காப்பி எடுத்துவிடுங்கள். திறந்த போனில் பழைய தண்ணீர்த் தடுப்பு இருக்காது, மழையில் நான் இப்போது பிளாஸ்டிக் உறையில்தான் வைக்கிறேன்.