அண்ணையின்ர பீனிசக் கிளெயிமுக்கு ஊரில இருந்து கடிதம் எழுதுறது எப்பிடி

பெரியம்மாவின்ர மகன் அண்ணை அமெரிக்கன் ஆமியில ஈராக்குக்குப் போய் வந்தவர், வந்த நாளில இருந்து பீனிசம். அவர் விஏ எண்ட அமெரிக்க வெட்டரன்ஸ் (முன்னாள் படையாக்கள்) திணைக்களத்துக்கு, வருத்தத்துக்கு நட்டஈடு கேட்டு கிளெயிம் போட, பரந்தனில இருந்து நாங்களும் சாட்சிக் கடிதம் குடுத்தனாங்கள். உங்கட சொந்தத்திலயும் ஆரும் இருந்தா கட்டாயம் எழுதிக் குடுங்கோ.

2022 ஓகஸ்ட் 10 வந்த பாக்ட் சட்டப்படி, 1990 ஓகஸ்ட் 2க்குப் பிறகு ஈராக்கில நிண்டவைக்கு நாட்பட்ட மூக்கழற்சியோ சைனஸோ இருந்தா, அங்கத்தைப் புகை தூசியாலதான் வந்தது எண்டு விஏயே எடுத்துக்கொள்ளும். அதால காரணத்தை நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை, வருத்தத்தின்ர பேரை டொக்டர் எழுதோணும், நீங்கள் கண்ணால கண்டதை எழுதோணும், அவ்வளவுதான்.

சாட்சிக் கடிதத்துக்கான விஏ போர்ம் நம்பர் 21-10210. "அவருக்கு மூக்கு வருத்தம் கூட" எண்டு எழுதினா ஒரு பிரியோசனமும் இல்லை. நாங்கள் எழுதினது இப்பிடி: 2019 தைப்பொங்கலுக்கு வந்து மூண்டு கிழமை நிண்டவர், விடிய நாலு மணிக்கே எழும்பி திண்ணையில துவாயோட இருந்து தும்முவார், வாயைத் திறந்துகொண்டுதான் நித்திரை, அம்மா பக்கத்தில நிண்டு கருவாடு பொரிக்கேக்கயும் மணம் தெரியேல்லை. அது சூடடிக்கிற காலம், வயல் தூசியில தும்மல் இன்னும் கூடினது, அதையும் மறைக்காம எழுதினம், ஏனெண்டா உண்மை எண்டு சொல்லித்தான் கீழ கையெழுத்து வைக்கிறம்.

எத்தினை தரம் வந்தது எண்டதை எண்ணி எழுதுங்கோ, இதில கவனம், ஏனெண்டா பாதிப்பு எத்தினை வீதம் எண்டு விஏ போடுறது அதைப் பாத்துத்தான். தலையிடி, முகநோ, சீழ்ச்சளியோட சைனஸ் வருசத்தில 3 தொடக்கம் 6 தரம் வந்தா 10 வீதம், 6க்கு மேல எண்டா 30 வீதம். ஒவ்வாமை மூக்கழற்சிக்கு ரெண்டு பக்கமும் பாதிக்கு மேல அடைப்பு, இல்லாட்டி ஒரு பக்கம் முழு அடைப்பு இருந்தா 10, மூக்குக்குள்ள சதை வளர்ந்திருந்தா 30. அடைப்பை டொக்டர்தான் பாத்து எழுதோணும். லீவில வந்து இங்க மருந்து எடுத்திருந்தா துண்டு, கிளினிக் கொப்பி ஒண்டையும் எறியாதேங்கோ, திகதி தெரியிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்புங்கோ.

ஆமிக்குக் கடிதம் எண்டோண்ண அம்மா பயந்தவா, இது அண்ணையின்ர மூக்கைப் பற்றி மட்டும்தான் எண்டு வரி வரியா தமிழில வாசிச்சுக் காட்டின பிறகுதான் கையெழுத்து வைச்சவா. இங்கிலீசில அனுப்பினம், தமிழில எழுதின கொப்பி வீட்டில இருக்கு.