எட்டாம் வகுப்பிலேயே என்.சி.சி.: சேர நினைக்கும் பிள்ளைக்கும் வீட்டாருக்கும்

"சார், தோனி மாதிரி டெரிட்டோரியல் ஆர்மியில சேரணும், என்ன செய்யணும்?" என்று கேட்டுக்கொண்டு வருஷத்துக்கு ஒரு பையனாவது ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நிற்பான். நான் கணக்கு வாத்தியார். பள்ளியின் என்.சி.சி. (தேசிய மாணவர் படை) ட்ரூப்பைக் கவனிக்கிற ஆசிரியராக, அதாவது ஏ.என்.ஓ.வாகவும் இருந்து ஓய்வு பெற்றவன். அவனுக்குச் சொல்லும் பதிலையே இங்கேயும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

டெரிட்டோரியல் ஆர்மி பள்ளிப் பிள்ளைகளுக்கு இல்லை. அதற்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 42 வரை சேரலாம். வேறு வேலை பார்த்துக்கொண்டே, கூப்பிடும்போது போய்ப் பயிற்சியும் சேவையும் செய்கிறவர்களுக்கான படை அது. 1949 அக்டோபர் 9-ல் அதைத் தொடங்கி வைத்தவர் அன்றைக்குக் கவர்னர் ஜெனரலாக இருந்த நம்ம ராஜாஜி. கோயம்புத்தூரில் அதன் 110-வது காலாட்படை பட்டாலியன் இருக்கிறது. பதினெட்டு ஆனதும் ஆள்சேர்ப்பு முகாம் அறிவிப்பைக் கவனித்துக்கொண்டிருக்கலாம். தோனிக்கு 2011-ல் கொடுத்தது கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி. அந்த வழி வேண்டுமென்றால் முதலில் ஓர் உலகக் கோப்பை ஜெயித்துவிட்டு வா என்று பையனைச் சிரிக்க வைத்து அனுப்புவேன்.

சட்டை மேல் பெயர்ப்பட்டை குத்திக்கொள்ளப் பள்ளிப் பிள்ளைக்கு இருக்கிற வழி என்.சி.சி. ஜூனியர் டிவிஷன். பெண் பிள்ளைகளுக்கு அது ஜூனியர் விங். தரைப்படை, கடற்படை, விமானப்படை என மூன்று பிரிவு உண்டு. எந்தப் பிரிவு என்பது உங்கள் பள்ளிக்கு எது ஒதுக்கப்பட்டிருக்கிறதோ அதைப் பொறுத்தது, பெரும்பாலும் தரைப்படைதான்.

"சண்டை வந்தா புள்ளைய கூட்டிட்டுப் போயிருவாங்களா சார்?" என்று கேட்காத தாய்மாரை நான் பார்த்ததில்லை. மாட்டார்கள். 1948-ம் வருஷத்து என்.சி.சி. சட்டத்திலேயே, கேடட்டுகளுக்குப் போர்ச் சேவை செய்யும் கடமை கிடையாது என்று எழுதியிருக்கிறது. ரெண்டு வருஷம் முடித்துவிட்டு ராணுவத்தின் பக்கமே திரும்பிப் பார்க்காமல் பி.காம். சேர்ந்தாலும் யாரும் ஒன்றும் கேட்க முடியாது.

இனி காலக்கணக்கு. ஜூனியர் டிவிஷன் ரெண்டு வருஷப் பயிற்சி. எட்டாவதில் சேர்ந்தால் ஒன்பதாவதோடு முடியும். ஒன்பதாவதில் சேர்ந்தால் ரெண்டாம் வருஷம் பத்தாவது பொதுத்தேர்வோடு மோதும். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் ஒரு பக்கம், பரேடு ஒரு பக்கம் இழுக்க, பையன் வருகைப் பதிவில் அடிவாங்குவான். அதனால் ஏழாவது முழுப் பரீட்சை லீவிலேயே வீட்டில் பேசி முடிவெடுத்துவிட வேண்டும். பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே ஏ.என்.ஓ. யார் என்று கேட்டுப் பெயர் கொடுங்கள். பிளஸ் ஒன் வந்த பிறகு ஆசை வந்தால், பள்ளி ட்ரூப்பைச் சுற்றி வருவதைவிடக் கல்லூரியில் சீனியர் டிவிஷனுக்குக் காத்திருப்பது மேல்.

உங்கள் பள்ளியில் என்.சி.சி. இருந்தால்தான் இதெல்லாம். இல்லையென்றால் தலைமையாசிரியர் அந்தப் பகுதி என்.சி.சி. பட்டாலியனுக்கு எழுதிக் கேட்க வேண்டும், கிடைக்கக் காலம் பிடிக்கும். சில தனியார் பள்ளிகளில் சுயநிதித் திட்டத்தில் நடக்கிறது. அங்கே செலவு யார் கணக்கில் வருகிறது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஒரு ட்ரூப்புக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு, கேட்கிறவர்கள் அதைவிட அதிகம் இருப்பார்கள். ஆகவே தேர்வு நடக்கும். மைதானத்தை ஓடிச் சுற்றச் சொல்வோம், உயரம் பார்ப்போம், வகுப்பாசிரியரிடம் பையன் எப்படி என்று விசாரிப்போம். குட்டையாக இருக்கிறானே என்று வீட்டில் கவலைப்படுவார்கள். எட்டாவதில் குட்டையாக இருந்து ஒன்பதாவதில், உயரமானவர்கள் நிற்கும் அணியின் வலது ஓரத்துக்குப் போனவர்கள் நிறைய. கண்ணாடி போட்டிருப்பதும் பிரச்சினை இல்லை. ஆனால் இளைப்பு, வலிப்பு, இதயக் கோளாறு ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள். மருத்துவச் சான்றிதழை வெயிலில் மணிக்கணக்கில் நிற்கப்போகிற பிள்ளையை மனதில் வைத்து வாங்குங்கள். தெரிந்த டாக்டரிடம் கையெழுத்து மட்டும் வாங்கி வருவதால் யாருக்கும் லாபமில்லை.

இப்போது காகித வேலை. முகாமைவிடப் பல குடும்பங்களைப் படுத்தியது இதுதான். சேர்க்கைப் படிவம் இப்போது ஆன்லைனில். ஆதார், போட்டோ, ரத்த வகை, உடம்பில் உள்ள அடையாளக் குறி, பெற்றோர் கையெழுத்து, பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு எல்லாம் வேண்டும். சீருடைக்கான பணம் நேராக அந்தக் கணக்குக்குத்தான் வரும். கணக்கு முடங்கிக் கிடந்தால் பணமும் முடங்கும்.

பெயரில்தான் சிக்கல். நம் ஊரில் இனிஷியல் ஒரு ஜீவன், அது பாட்டுக்கு இடம் மாறிக்கொண்டே இருக்கும். பள்ளிப் பதிவேட்டில் மு. செல்வகுமார், ஆதாரில் செல்வகுமார் முருகேசன், வங்கிப் புத்தகத்தில் செல்வக்குமார் எம். மூன்றும் ஒரே பையன் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஏழெட்டு வருஷம் கழித்து ஆள்சேர்ப்பு மேஜையில் சான்றிதழ் சரிபார்க்கும் கிளார்க்குக்குத் தெரியாது. நோட்டரியிடம் ஓடு, பிரமாணப் பத்திரம் எழுது என்று அலைய வேண்டிவரும். படிவத்தில் விரல் வைக்கும் முன் ஒரு முடிவு எடுங்கள்: பத்தாவது மதிப்பெண் சான்றிதழில் எப்படிப் பெயர் வரப்போகிறதோ, ஆங்கில எழுத்து உட்பட, அதுவே எங்கும். பள்ளி எமிஸ் (மாணவர் விவரங்களுக்கான அரசுத் தளம்) பதிவில் இருப்பதைக் கேட்டுப் பார்த்து, ஆதாரை அதற்கேற்பத் திருத்திவிட்டு அப்புறம் படிவத்தைத் தொடுங்கள். பிறந்த தேதிக்கும் இதே கதை.

சரி, சேர்ந்தாயிற்று. பூட்ஸ் கைக்கு வந்ததும் நேரே பரேடுக்குப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. ஆங்கிள் பூட்ஸ் குதிகாலைக் கடித்துத் தின்றுவிடும். தினமும் சாயங்காலம் வீட்டில் கொஞ்ச நேரம் கனமான சாக்ஸோடு போட்டு நடக்கணும். குதிகாலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளணும். பாலிஷ் போடத் தனிப் பக்குவம் இருக்கிறது. முதலில் பிரஷ்ஷால் தூசு தட்டி, கொஞ்சமாக பாலிஷ் தேய்த்துக் காயவிட வேண்டும். பிறகு விரலில் பழைய பருத்தித் துணியை இறுக்கிச் சுற்றி, துளி தண்ணீர் தொட்டு, பூட்ஸ் முனையில் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருக்கணும். முதலில் மங்கலாகத்தான் தெரியும். பொறுமையாகத் தேய்த்தால் கொஞ்ச நேரத்தில் டியூப்லைட் அதில் தெரியும். பெல்ட் பித்தளைக்கு பிராசோ. பெரே தொப்பியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, தலையில் வைத்து, வலது பக்கம் இழுத்துப் படியவிட்டு அப்படியே காயவைத்தால்தான் வடிவம் நிற்கும். இல்லாவிட்டால் தலையில் தோசைக்கல்லைக் கவிழ்த்தது போல இருக்கும்.

அடுத்தது பரேடு. கட்டளைகள் எல்லாம் இந்தி. 1968 ஜனவரியில், அண்ணா முதல்வராக இருந்தபோது சட்டசபையில் நிறைவேறிய இருமொழித் தீர்மானத்திலேயே என்.சி.சி.யின் இந்திக் கட்டளைகளுக்கு எதிர்ப்பு இருந்தது. இன்றைக்கும் மைதானத்தில் ஒலிப்பது 'சாவ்தான்', 'விஷ்ராம்'தான். பயப்பட வேண்டாம், இந்தி தெரிய வேண்டியதில்லை. சத்தத்துக்கு உடம்பு பழகினால் போதும். 'சாவ்தான்' என்றால் இடது காலைத் தூக்கி வலது காலோடு அடித்துச் சேர்த்து, முஷ்டி மூடி, கட்டைவிரல் முன்னால் இருக்க, நேராக நிற்கணும். 'விஷ்ராம்' என்றால் இடது கால் அகலும், கைகள் முதுகுக்குப் பின்னால் போகும். 'தாஹினே முட்' வலது, 'பாயே முட்' இடது, 'பீச்சே முட்' பின்னால். 'தேஜ் சல்' சொன்னதும் இடது கால் முதலில். 'தம்' என்றால் நிற்க.

புதிதாக வந்தவர்களில் சிலருக்கு 'தேஜ் சல்' சொன்னதும் இடது காலும் இடது கையும் சேர்ந்து போகும். மற்றவர்கள் சிரிக்கச் சிரிக்க இன்னும் மோசமாகும். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "கடைக்குப் போய்ப் பால் வாங்கிட்டு வா" என்று மைதானத்தின் அந்தக் கோடிக்கு அனுப்புவேன். நடந்து போகும்போது கை தானாகச் சரியாக வரும். பாதி தூரத்தில் 'இப்ப கையை மட்டும் விறைப்பாக்கு' என்று கத்தினால் முடிந்தது. வீட்டில் பயிற்சி கொடுக்கிற அப்பாக்களும் இதையே செய்யலாம்.

பரேடு முடிந்ததும் சிற்றுண்டி உண்டு. அந்தப் பூரிக்காகவே சேர்ந்தவர்கள் எங்கள் தலைமுறையில் பாதிப் பேர், அதில் தப்பேதும் எனக்குத் தெரியவில்லை.

வருஷாந்திரப் பயிற்சி முகாம் பத்து நாள். ஜூனியர் டிவிஷன் முடிவில் பரீட்சை எழுதி வாங்கும் 'ஏ' சான்றிதழுக்கு ஒரு முகாமாவது போயிருக்க வேண்டும், ஆகவே "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று தள்ளாதீர்கள். அடுத்த வருஷம் அம்மை போடும், மாமா கல்யாணம் வரும். தட்டு, டம்ளர், பக்கெட், போர்வை, கொசுவலை, பூட்டு, ஊசி நூல், சேஃப்டி பின், பாலிஷ் டப்பா, எப்போதும் சாப்பிடும் மருந்து. எல்லாவற்றிலும் பெயரும் பள்ளியும் பெயின்ட்டில் எழுதிவிடுங்கள், ஒரே மாதிரி நூறு பக்கெட் வரிசையில் நிற்கும். முறுக்கு கட்டிக் கொடுத்தால் முதல் ராத்திரியே அறை முழுக்கப் பங்கு போய்விடும், தெரிந்தே கட்டுங்கள். பெண் கேடட்டுகளோடு பெண் பயிற்சியாளரும் ஆசிரியையும் தங்குவார்கள். அவர்கள் பெயரையும் எண்ணையும் கிளம்பும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் அழுதுகொண்டு போன் வரும். ஐந்தாம் நாள் போனே வராது.

துப்பாக்கி சுடுவதுதான் பிள்ளைகள் எதிர்பார்ப்பது. பாயிண்ட் டூ டூ ரைஃபிள், தரையில் படுத்து. அதன் சத்தம் தீபாவளி வெடியைவிடக் குறைவுதான், அதிர்ச்சியும் கொஞ்சம்தான். அடிப்பகுதியைத் தோள்குழியில் அழுத்திப் பிடி, மூச்சை இழுத்துப் பாதி விட்டு நிறுத்து, விசையைச் சுண்டாமல் மெதுவாக அழுத்து. ஹவில்தார் இதைச் சொல்லிக்கொண்டே பக்கத்தில் குந்தியிருப்பார். குறி எங்கே போனாலும் பரவாயில்லை என்பார். குண்டுகள் ஒரே இடத்தில் கூட்டமாக விழுந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார். முடிந்ததும் காலிக் கூடுகளை ஒவ்வொன்றாக எண்ணி ஒப்படைக்க வேண்டும். நினைவுக்கு ஒன்று என்று பாக்கெட்டில் போட்டால் மொத்த அணியும் புல்லில் தேடிக்கொண்டு நிற்கும்.

ரெண்டாம் வருஷக் கடைசியில் 'ஏ' பரீட்சை. டிரில், ஆயுதப் பயிற்சி, வரைபடம், முதலுதவி, பொது விஷயம். ஒழுங்காக வந்தவனுக்குக் கஷ்டமே இல்லை. 75 சதவீத வருகைதான் பெரிய தடை.

அந்தச் சான்றிதழால் என்ன பயன் என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிச் சேர்க்கையில் 'ஏ' சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்குச் சிறப்புப் பிரிவு உண்டு. அக்னிவீர் தேர்வில் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும். காவலர் தேர்விலும் என்.சி.சி.க்கு மதிப்பு இருக்கிறது. ராணுவ அதிகாரியாகப் பிளஸ் டூ-வோடு எழுதும் என்.டி.ஏ. தேர்வில் இதற்கென்று ஒதுக்கீடு கிடையாது, யாராவது உண்டு என்றால் நம்பாதீர்கள். பெரிய வாசல் கல்லூரியில் வாங்கும் 'சி' சான்றிதழ்: அதில் குறைந்தது 'பி' கிரேடும் பட்டப்படிப்பில் 50 சதவீதமும் இருந்தால், எழுத்துத் தேர்வு இல்லாமல் ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்கு நேராகப் போகலாம். அதில் தேறுகிறவர்கள் பயிற்சிக்குப் போகும் பரங்கிமலை ஓ.டி.ஏ. (அதிகாரிகள் பயிற்சி அகாடமி) நம் சென்னையிலேயே இருக்கிறது.

'ஏ' சான்றிதழ் கைக்கு வந்ததும் முதலில் பெயர், பிறந்த தேதி, எழுத்துப் பிழை பாருங்கள். பிழையிருந்தால் ஏ.என்.ஓ. அதே பள்ளியில் இருக்கும்போதே திருத்தக் கொடுத்துவிடுங்கள். அவர் மாற்றலாகிப் போன பிறகு கோப்பைத் தேடுவது பெரும்பாடு. லேமினேட் செய்ய வேண்டாம். நாலைந்து நகல் எடுத்து, ஸ்கேன் செய்து அப்பா, அம்மா ரெண்டு பேர் மெயிலிலும் போட்டு வையுங்கள். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே அதை எடுத்துக்கொண்டு அங்கிருக்கும் ஏ.என்.ஓ.வைப் பார்க்க வேண்டும், சீனியர் டிவிஷன் சேர்க்கை சீக்கிரமே முடிந்துவிடும்.