வயிற்றுப்போக்குப் பரவலை விசாரிக்க ஒரே படிவம்: தயாரிப்பதும் கேட்பதும்

நோய்ப்பரவல் விசாரணைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஒரே இடத்தில் பலர் வாந்தி, பேதி என்று படுத்துவிட்டார்கள் என்று தகவல் வந்ததும் எல்லோருக்கும் உடனே ஓடத்தான் தோன்றும். ஓட வேண்டியதுதான். ஆனால் ஐந்து பேர் போய் ஐந்து நோட்டில் ஐந்து விதமாக எழுதிக்கொண்டு வந்தால், சாயங்காலம் உட்கார்ந்து அவற்றைக் கூட்டிக் கழிக்க முடியாது. ஒருவர் ‘காய்ச்சல்’ என்று எழுதியிருப்பார், இன்னொருவர் ‘உடம்பு லேசாகச் சுட்டது’ என்று எழுதியிருப்பார், மூன்றாமவர் அதைக் கேட்டே இருக்க மாட்டார். அவருடைய தாளில் இருக்கும் காலி இடத்துக்குக் காய்ச்சல் இல்லை என்று பொருளா, கேட்கவில்லை என்று பொருளா? நாலு நாள் கழித்துத் திரும்பப் போய்க் கேட்டால் அந்த நோயாளிக்கே நினைவிருக்காது. அதனால்தான் கிளம்புவதற்கு முன் ஒரு மணி நேரம் செலவானாலும் பரவாயில்லை, எல்லோர் கையிலும் ஒரே படிவம் இருந்தாக வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறேன்.

முதலில் யாரை நோயாளி என்று எண்ணப்போகிறோம் என்பதை எழுத்தில் வையுங்கள். அதில் அறிகுறி, ஆள், இடம், காலம் நான்கும் இருக்க வேண்டும். உதாரணமாக: ‘மே 3 மதிய விருந்தில் கலந்துகொண்டு, மே 6 நள்ளிரவுக்குள் வாந்தி எடுத்தவர், அல்லது 24 மணி நேரத்துக்குள் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராக மலம் போனவர்.’ இந்த ‘24 மணி நேரத்தில் மூன்று முறை’ என்பது உலக சுகாதார நிறுவனம் வயிற்றுப்போக்குக்கு வைத்திருக்கும் அளவு. ‘வயிறு சரியில்லை’ என்று ஒருவர் சொன்னால் அதை அப்படியே எழுதிவிட்டு நகராமல் எத்தனை தடவை போனது, எப்படிப் போனது, ரத்தம் கலந்திருந்ததா என்று கேளுங்கள். ஆய்வகத்தில் கிருமி உறுதியானவர், அறிகுறி மட்டும் பொருந்துகிறவர், சந்தேகத்துக்குரியவர் என்று மூன்று படி வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் வரையறை கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும், பிறகு இறுக்கலாம். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: சந்தேகப்படும் உணவை வரையறைக்குள் நுழைக்காதீர்கள். ‘முட்டை சாப்பிட்டு வாந்தி எடுத்தவர்’ என்று வரையறுத்தால், நோயாளிகள் எல்லோரும் முட்டை சாப்பிட்டவர்களாகத்தான் இருப்பார்கள். அதில் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சாது.

அடுத்தது நேரம். படிவத்திலேயே அதிகக் கவனம் வேண்டிய இடம் இது. நோயாளி சொல்வது ‘சனிக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சது’ என்று. அவர் மனதில் அது சனிக்கிழமை ராத்திரி. காலண்டர்படி அது ஞாயிறு அதிகாலை. ஒருவர் சனி என்றும் இன்னொருவர் ஞாயிறு என்றும் எழுதினால் 24 மணி நேரம் பிசகிவிடும். அதனால் நேரத்தை 24 மணி முறையில் எழுதுங்கள்: 02:00, 14:00. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற ஒரே வரிசையில் எழுதுங்கள். 04/05 என்று எழுதினால் ஏப்ரலா மேயா என்று பின்னால் தகராறு வரும். கேட்டு எழுதிய பிறகு, ‘அதாவது சனிக்கிழமை படுத்துத் தூங்கி, ஞாயிறு விடிவதற்கு முன்னால், சரியா?’ என்று ஒரு முறை திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள். மணி தெரியாது என்கிறவரிடம் தூங்குவதற்கு முன்னா பின்னா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்டுப் பிடிக்கலாம். அப்படிக் கணித்து எழுதிய நேரம் என்றால் பக்கத்துக் கட்டத்தில் ‘தோராயம்’ என்று குறியுங்கள்.

நேரத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? சாப்பிட்டதற்கும் நோய் தொடங்கியதற்கும் இடைப்பட்ட நேரம், ஆய்வக முடிவு வருவதற்கு முன்பே கிருமியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடும். இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் வாந்தி என்றால் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் நச்சைச் சந்தேகிப்பேன். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வாந்தி வகையும் ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வரும். 12 முதல் 48 மணி நேரம் என்றால் நோரோவைரஸ் மனதில் வரும். சால்மொனெல்லாவுக்கு ஆறு மணி நேரத்திலிருந்து ஆறு நாள் வரை ஆகலாம். ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஷிகா நச்சு ஈ.கோலை பெரும்பாலும் மூன்று, நான்கு நாள் எடுக்கும். ஹெபடைடிஸ் ஏ என்றால் 15 முதல் 50 நாள். எவ்வளவு பின்னோக்கிக் கேட்க வேண்டும் என்பதும் இதை வைத்துத்தான் முடிவாகும். ஒரே விருந்து என்று தெரிந்தால் அந்த விருந்து, அதோடு முந்தைய மூன்று நாள். ஈ.கோலை, சால்மொனெல்லா என்று ஆய்வகம் சொன்னால் ஏழு நாள். லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவுக்கு நான்கு வாரம்.

சரி, உணவுக்கு வருவோம். இரண்டு கட்டமாகக் கேளுங்கள். முதலில் ‘நோய் தொடங்கிய அன்று காலையிலிருந்து பின்னோக்கிப் போவோம்; கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள், எங்கே, யாரோடு?’ என்று அவரைப் பேச விடுங்கள். அப்புறம்தான் பட்டியல். பட்டியலை மேலிருந்து கீழே, ஒன்று விடாமல், எல்லோரிடமும் ஒரே வரிசையில் படியுங்கள். ‘நான் காய்கறியே பச்சையாகச் சாப்பிட மாட்டேன்’ என்று அவர் சொன்னாலும் வெள்ளரி, தக்காளி, கொத்தமல்லி என்று ஒவ்வொன்றையும் கேளுங்கள். அலங்காரத்துக்குத் தூவிய இலை, தொட்டுக்கொள்ளும் சாஸ், பானத்தில் போட்ட ஐஸ், குடித்த தண்ணீர் எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி வேண்டும்.

2011-இல் ஜெர்மனியில் நடந்ததை ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்வேன். 3,800-க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்று, 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த ஈ.கோலை பரவல் அது. தொடக்கத்தில் சந்தேகம் தக்காளி, வெள்ளரி, சாலட் இலைகள் மேல் விழுந்தது. உண்மையில் காரணம் முளைகட்டிய வெந்தயம். ஆனால் நோயாளிகளைக் கேட்டுச் செய்த ஓர் ஆய்வில் நான்கில் ஒருவர்தான் முளை சாப்பிட்டதாக நினைவுகூர்ந்தார். இலைகளுக்கு நடுவே சிதறிக் கிடந்ததை யார் நினைவில் வைத்திருப்பார்? பிறகு, ஒரே உணவகத்தில் குழுவாகச் சாப்பிட்டவர்களின் ஆர்டர், பில், அவர்கள் எடுத்த போட்டோ, சமையல்காரர் சொன்ன செய்முறை என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். நோயுற்ற ஒவ்வொருவருக்கும் பரிமாறிய தட்டில் முளை இருந்தது அப்போதுதான் தெரிந்தது. ஆகவே உங்கள் படிவத்தோடு இன்னொரு தாளும் வேண்டும்: சமையலறைக்கானது. ஒவ்வொரு உணவிலும் என்னென்ன சேர்ந்தது, எங்கிருந்து வந்தது, யார் எப்போது சமைத்தார், எவ்வளவு நேரம் வெளியே இருந்தது என்பதை அதில் எழுதுங்கள். நோயாளியின் பேச்சில் வராதது இங்கே வரும்.

நோய் வராதவர்களிடமும் அதே படிவம், அதே கேள்வி, அதே வரிசை. புதியவர்கள் விட்டுவிடுவது இதைத்தான், எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் இதுதான். 1940 ஏப்ரலில் அமெரிக்காவின் ஆஸ்வீகோ மாவட்டத்தில் ஒரு தேவாலய விருந்துக்குப் பிறகு விசாரித்த 75 பேரில் 46 பேர் நோயுற்றார்கள். பன்றித்தொடைக்கறி சாப்பிட்டவர்கள் 46 பேர், அவர்களில் 29 பேருக்கு நோய். அதை மட்டும் பார்த்தால் கறிதான் குற்றவாளி என்று தோன்றும். கறியைத் தொடாத 29 பேரில் 17 பேருக்கும் நோய் வந்தது. 63 சதவீதம், 59 சதவீதம். பெரிய வித்தியாசமே இல்லை. வெனிலா ஐஸ்க்ரீம் சாப்பிட்ட 54 பேரில் 43 பேருக்கு நோய், சாப்பிடாத 21 பேரில் 3 பேருக்கு மட்டும். சாப்பிடாதவர்களையும் நலமாக இருந்தவர்களையும் கேட்டு எழுதியதால்தான் இது வெளியே வந்தது. அதே ஆவணத்தில் ஒரு குறையும் உண்டு: 46 பேரில் 22 பேருக்குத்தான் சாப்பிட்ட நேரமும் நோய் தொடங்கிய நேரமும் இரண்டும் பதிவாகியிருந்தன. சாப்பிட்ட நேரத்துக்கு ஒரு கட்டம் போடுங்கள் என்று நான் நச்சரிப்பதற்கு இது போதாதா?

விடைகளைக் குறிக்க எண் வைத்துக்கொள்ளுங்கள்: ஆம் 1, இல்லை 0, தெரியாது 9. கட்டம் காலியாக இருந்தால் கேட்கவில்லை என்று மட்டுமே பொருள். ‘தெரியாது’ என்பதை ‘இல்லை’யில் சேர்த்தால் கணக்கு கோணலாகிவிடும். வயது, எண்ணிக்கை கேட்கும் கட்டங்களில் 9 உண்மையான விடையாகவே வரலாம். அங்கே தெரியாததற்கு 999 போடுங்கள். பிறகு எல்லாம் ஒரே ஸ்ப்ரெட்ஷீட்டுக்குப் போக வேண்டும்: ஒருவருக்கு ஒரு வரி, ஒரு விஷயத்துக்கு ஒரு பத்தி. ‘வாந்தி, காய்ச்சல், தலைவலி’ என்று ஒரே கட்டத்தில் திணிக்க வேண்டாம். பெயரும் தொலைபேசி எண்ணும் தனித் தாளில் பூட்டி வைக்க வேண்டியவை. தரவுத் தாளில் அடையாள எண் மட்டும் போதும்.

அதே அடையாள எண்தான் மல மாதிரிப் புட்டியிலும் ஒட்ட வேண்டும். எடுத்த தேதி, நேரம், அதற்கு முன் ஆன்டிபயாடிக் சாப்பிட்டாரா என்பதும் வேண்டும். முடிந்தவரை மருந்து தொடங்கும் முன்பே எடுங்கள். பாக்டீரியாவுக்குக் கேரி-பிளேர் ஊடகத்தில் (ஆய்வகம் போகும்வரை கிருமியைச் சாகாமல் காக்கும் பொருள்), வைரஸுக்கு எதுவும் சேர்க்காமல் சுத்தமான டப்பாவில். இரண்டையும் 4 டிகிரி குளிரில் வைத்து ஆய்வகம் சேர்க்கவும். மிச்சமிருக்கும் உணவை யாரும் கொட்டிவிடாதபடி முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

கேட்பவருக்கும் சில கட்டுப்பாடுகள் உண்டு. எழுதியிருப்பதை எழுதியபடி படிக்க வேண்டும். ‘அந்தச் சிக்கன்தானே காரணம்?’ என்று எதிரில் இருப்பவர் கேட்டால், ‘இன்னும் எதுவும் முடிவாகவில்லை, நீங்கள் சாப்பிட்டது எல்லாவற்றையும் சொல்லுங்கள்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தலையாட்டினால்கூட அடுத்த விடை வளைந்துவிடும். குழந்தைக்காக அம்மா பதில் சொன்னால், சொன்னது யார் என்று குறியுங்கள். பேட்டி கொடுப்பவர் இன்னும் களைத்துத்தான் இருப்பார், நடுவில் எழுந்து போகவும் நேரலாம், அவசரப்படுத்தாமல் காத்திருங்கள். அதனால்தான் படிவம் இருபது நிமிடத்துக்குள் முடிகிற மாதிரி இருக்க வேண்டும் என்பேன்.

களத்துக்குப் போவதற்கு முன் குழுவில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பேட்டி எடுத்துப் பாருங்கள், மற்றவர்கள் அந்த விடைகளைத் தனித்தனியாகக் குறிக்கட்டும். பிறகு தாள்களை ஒப்பிட்டால் எந்தக் கேள்வியை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அந்தக் கேள்வியை மாற்றி எழுதி, படிவத்தின் மேல் ஓரத்தில் புதிய பதிப்பு எண்ணையும் தேதியையும் போட்டு, பழைய பிரதிகளை எல்லோரிடமிருந்தும் வாங்கிவிடுங்கள். களத்தில் நடுவழியில் கேள்வி மாற்ற வேண்டி வந்தாலும் இதே முறைதான்: எந்த வரியை எந்தப் பதிப்பில் கேட்டது என்று ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு பத்தி இருக்கட்டும்.