அயலூர்ச் சவர்க்காரத் தொழிலை வாங்கி விரிவடைவது எப்படி

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் செய்து விற்பவர், தொழிலைப் பெருக்கப் புதிய இயந்திரம் வாங்குவதற்கு முன், மூடும் நிலையிலுள்ள அயலூர்த் தொழிலொன்றை விலைக்கு எடுக்க முடியுமா என்று பார்ப்பது நல்லது. அச்சும் பாத்திரமும் எங்கும் கிடைக்கும். களுவாஞ்சிக்குடி முதல் அக்கரைப்பற்று வரை கடை கடையாக ஏறியிறங்கிச் சம்பாதித்த பெயர் அப்படிக் கிடைக்காது.

சன்லைட் சவர்க்காரத்தை விற்று வளர்ந்த வில்லியம் லீவர், 1917இல் பியர்ஸ் சவர்க்கார நிறுவனத்தை வாங்கியபோது அந்தப் பெயரைக் கைவிடவில்லை. அதே லீவர் 1920இல் மேற்கு ஆபிரிக்காவில் வணிகம் செய்த நைஜர் கம்பனியை 80 இலட்சம் பவுணுக்கும் மேல் கொடுத்து, கணக்கேடுகளைச் சரிவரப் பாராமலே வாங்கினார்; அதன் பெரும் வங்கிக் கடன் பிறகுதான் தெரியவந்தது.

ஆகவே முதலில் கடனைப் பாருங்கள். வரையறுத்த கம்பனியொன்றின் பங்குகளை வாங்கினால் அதன் கடன்களும் கூடவே வரும் என்பதால், சிறு தொழிலில் இயந்திரம், இருப்பு, வணிகக்குறி ஆகியவற்றை மட்டும் எழுத்து மூலம் வாங்குவதே பாதுகாப்பானது. வணிகக்குறி பதிவானதா என்பதைத் தேசிய புலமைச்சொத்து அலுவலகத்தில் உறுதிசெய்து, உரிமை மாற்றத்தையும் அங்கேயே பதியுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் செலுத்த வேண்டிய 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கான 3 வீதமும் நிலுவையின்றிக் கட்டப்பட்டுள்ளனவா என்று பற்றுச்சீட்டுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், வாய்ச்சொல் போதாது.

இருப்பை மதிப்பிடும்போது கட்டிகளை எண்ணி விலை பேசாதீர்கள். புதிதாக வெட்டிய கட்டியில் நீர் மிகுந்திருக்கும். கச்சான் வீசும் மாதங்களில் அது விரைவாக உலர்ந்து எடை குறையும், மாரியில் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். சில கட்டிகளைக் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தில் காரத்தைக் காட்டித்தரும் பினோப்தலீன் கரைசல் ஒரு துளி விடுங்கள். கடும் இளஞ்சிவப்பு தோன்றினால் உள்ளே எண்ணெயோடு சேராத காரம் (கோஸ்டிக் சோடா) எஞ்சியிருக்கிறது. அத்தகைய இருப்புக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கடைக்காரர் தர வேண்டிய பாக்கியை முழுத் தொகையாக ஏற்காமல், இரண்டு மூன்று கடைகளில் நேரில் விசாரித்த பிறகே விலையில் சேருங்கள்.

வாங்கியதும் இரண்டு தொழிலையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரும் ஆசை எழும். எண்ணெய், கோஸ்டிக் சோடா ஆகியவற்றின் கொள்வனவையும் லொறிப் பயணத்தையும் மட்டும் உடனே ஒன்றாக்குங்கள். பெயர், உறை, மணம் மூன்றையும் சிறிது காலம் தொட வேண்டாம். சுத்தமான தேங்காய் எண்ணெய் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 183 கிராம் கோஸ்டிக் சோடா தேவைப்படும். தொழிலை விற்றவர்கள் வேறு எண்ணெய் கலந்திருந்தால் அந்த அளவு பொருந்தாது என்பதால், பழைய கைப்பக்குவம் தெரிந்த தொழிலாளியை வேலையில் வைத்துக்கொண்டு, அவருடைய கலவை அளவுகளை எடைபோட்டு எழுதி வாங்கிய பின்பே உற்பத்தியை இடம் மாற்றுங்கள்.