ஆல்பம் அட்டை வடிவமைக்கப் பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போட்டோஷாப் ஓரளவு கைவந்ததும் பலர் பாடகரின் படத்தைத் திறந்து நேராக வண்ணம் திருத்த ஆரம்பிக்கிறார்கள். ஆல்பம் அட்டைக்கு இது தவறான தொடக்கம். அளவும் மடிப்புக் கோடுகளும் குறித்து அச்சகம் தரும் டெம்ப்ளேட்டைத்தான் முதலில் திறக்க வேண்டும். சிடி உறையின் முன்பக்கம் சுமார் 120 மி.மீ. சதுரம். பின்பக்க அட்டை சுமார் 151 × 118 மி.மீ.; அதன் இரண்டு ஓரங்களும் மடிந்து, பெட்டியின் பக்கவாட்டில் தெரியும் முதுகாக நிற்கும். மடிப்பு எங்கே விழும் என்று பார்க்காமல் படத்தை வைத்தால் பாதி முகம் முதுகுக்குப் போய்விடும். வெட்டும்போது கத்தி சற்று விலகும் என்பதால் பின்னணிப் படம் நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக நீண்டிருக்க வேண்டும்.

அடுத்தது பிக்சல். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். எல்பி ரெக்கார்டு உறை சுமார் 315 மி.மீ. அகலம், அதாவது 3,700 பிக்சலுக்கு மேல். இணையத்தில் போட்ட 1,500 பிக்சல் படத்தை எடுத்து, இமேஜ் சைஸ் பெட்டியில் 300 என்று மாற்றினால் படத்தில் இல்லாத நுணுக்கம் வந்துவிடாது. புகைப்படக்காரரிடம் மூலக் கோப்பையே கேளுங்கள், அட்டையில் அச்சிட அனுமதியையும் சேர்த்து.

திரையில் பளிச்சிடும் நீலமும் பச்சையும் நான்கு வண்ண மையில் மங்கிப்போகும். அதற்காக ஆரம்பத்திலேயே படத்தை சிஎம்ஒய்கே-க்கு, அதாவது அந்த நான்கு மை முறைக்கு, மாற்றிவிடாதீர்கள். திரைக்கான ஆர்ஜிபி-யில் வேலை செய்துகொண்டே, அச்சகத்தின் வண்ண புரொஃபைலைப் போட்டு கன்ட்ரோல்-ஒய் அழுத்தி, அச்சில் நிறம் எப்படி வரும் என்று அவ்வப்போது பாருங்கள். கடைசியில் மாற்றினால் போதும். கறுப்பு அடர்த்தியாக வரட்டும் என்று நான்கு மையையும் 100 சதவீதம் வைப்பது இன்னொரு தவறு. மை காயாமல் அடுத்த தாளில் ஒட்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது எழுத்தில் காட்டும் அலட்சியம். அட்டையை வாங்குகிறவர் அதில் பாடல் வரிகளையும் தபேலா வாசித்தவர் பெயரையும் தேடிப் படிப்பார். அதை இருண்ட படத்தின் மேல் பொடி வெள்ளை எழுத்தில் போட்டால், மை பரவிப் புள்ளியும் சுழியும் அடைபட்டுவிடும். சின்ன எழுத்துக்கு வெளிர்ப் பின்னணியில் தனிக் கறுப்பு மைதான் நல்லது. நான்கு மையும் கலந்தால், அச்சுத் தகடு இம்மி நகர்ந்தாலும் எழுத்தின் ஓரத்தில் வண்ணக் கீற்று தெரியும். பழைய பதிப்பு போட்டோஷாப்பில் யூனிகோட் தமிழ் அடிக்கும்போது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், டைப் அமைப்பில் இந்திய எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்கள். நீண்ட வரிகளுக்குப் பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைன்தான் சரி. படத்தை மட்டும் போட்டோஷாப்பில் முடியுங்கள்.

கோப்பை அனுப்பும் முன் அசல் அளவில் ஒரு பிரின்ட் எடுத்து, வெட்டி மடித்து, பழைய சிடி பெட்டி ஒன்றில் செருகிப் பாருங்கள். முதுகிலுள்ள பெயர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.