குறுந்தொகையை டம்ளரில் நடத்துவது எப்படி

குறுந்தொகை 40ஆம் பாட்டு வெறும் ஐந்து அடிதான். முதல் நாள் பொருள் சொல்லாதீர்கள். நீங்கள் இரண்டு முறை சத்தமாக வாசியுங்கள், அப்புறம் பிள்ளைகள் ஆளுக்கு ஓர் அடி வாசிக்கட்டும், தடுக்கினால் குறுக்கே பாயாமல் பொறுத்திருங்கள். 'யாய்' என் தாய், 'ஞாய்' உன் தாய் என்று மட்டும் பலகையில் எழுதினால், 'எந்தை', 'நுந்தை' இரண்டையும் அவர்களே பிடித்துவிடுவார்கள்.

'செம்புலப் பெயல்நீர்' வந்ததும் நிறுத்துங்கள்; செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர் போல இருவர் நெஞ்சமும் கலந்துவிட்டன என்கிற இடம் அது. வேலூர் வெயிலில் மழைக்கு எங்கே போவது? நான் ஒரு பை செம்மண்ணும் கண்ணாடி டம்ளரும் கொண்டுபோய், ஒரு பிள்ளையைத் தண்ணீர் ஊற்றிக் கலக்கச் சொல்லிவிட்டு, "இப்போ தண்ணிய மட்டும் தனியா எடுத்துக் குடு பார்க்கலாம்" என்பேன். ஒரு வருஷம் ஒரு பையன், "நாளைக்குத் தெளிஞ்சிடும் சார், அப்ப எடுத்துத் தரேன்" என்றான். சிரிக்காமல் டம்ளரை ஜன்னலில் வைத்தேன். மறுநாளும் மேலே செம்மை நின்றது, அன்றைக்கு முழுப் பீரியடும் அந்த விவாதம்தான்.

புலவரின் பெயர் தெரியாமல் இந்தத் தொடரையே வைத்துச் செம்புலப்பெயனீரார் என்றார்கள், அதையும் அப்போது சொல்லுங்கள். காதல் பாட்டு என்று கடைசி பெஞ்சில் கிசுகிசு எழும், கண்டுகொள்ளாதீர்கள். பிறகு, பாலாற்றங்கரையில் பார்த்த எதையாவது வைத்து ஓர் உவமை எழுதச் சொல்லுங்கள். இரண்டு மதிப்பெண் கேள்விகளுக்குக் கடைசிப் பத்து நிமிஷம் போதும்.