ஃபெரெட்டுக்கு என்ன சாப்பாடு போடுவது? புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஒரு செய்முறை

எங்கள் வீட்டு ஃபெரெட்டின் பெயர் சுண்டு. பெங்களூரில் இருந்த மைத்துனன் வேலை மாறிப் போகும்போது, "ரெண்டு மாசம் பாத்துக்கிடுங்க அத்தான்" என்று கூண்டோடு கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் இறக்கிவிட்டுப் போனான். வருடம் இரண்டு ஆகிறது. தெருவில் எல்லோருக்கும் அது கீரிப்பிள்ளைதான். உண்மையில் அதற்குச் சொந்தம் கீரி இல்லை, நீர்நாய்.

வந்த முதல் வாரமே ஆச்சி அதற்கு அரை மட்டிப்பழம் ஊட்டிவிட்டார். "பிள்ளைக்குப் பசிக்கும்லா மக்கா" என்றார். சுண்டுவும் நக்கி நக்கித் தின்றது. மூன்று மணி நேரம் கழித்து, பேப்பர் விரித்த தட்டில் பார்த்தால் பழம் கொழகொழவென்று அப்படியே வந்து கிடக்கிறது. வாசனைகூடப் போகவில்லை. அன்றைக்குத்தான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

முதல் படி: குடலைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஃபெரெட் முழுக்க முழுக்க மாமிசம் தின்னும் பிராணி. நாயைப் போலச் சோறும் குழம்பும் போட்டு ஒப்பேற்ற முடியாது. அதன் குடல் குட்டை. நார்ச்சத்தை நொதிக்கவைக்கும் பெருங்குடல் பை அதற்குக் கிடையாது. தின்றது மூன்று, நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அந்த நேரத்துக்குள் மாமிசப் புரதமும் கொழுப்பும் செரித்துவிடும். பழம், காய், மரச்சீனிக்கிழங்கு எல்லாம் சும்மா சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும்.

இதிலிருந்து வருவதுதான் அடுத்த விஷயம். ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று வைத்தால் நடுவில் பட்டினி கிடக்கும். உலர் உணவு எப்போதும் கிண்ணத்தில் இருக்கட்டும். ஒரு கிலோ எடையுள்ள ஃபெரெட் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 கிராம் உலர் உணவு தின்னும். சுண்டு அதில் கால்வாசியை ஒளித்துவைக்கிறது, அது வேறு கதை.

இரண்டாம் படி: பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்

நம் பக்கத்துக் கடைகளில் ஃபெரெட் என்று எழுதிய உணவு என் கண்ணில் பட்டதே இல்லை. அதனால் நல்ல தரமான பூனைக்குட்டி உணவுதான் வழி. வளர்ந்த பூனைக்கானது வேண்டாம், குட்டிக்கானது; அதில்தான் புரதமும் கொழுப்பும் கூடுதல். நாய் உணவு வேண்டவே வேண்டாம். அதில் தானியம் அதிகம், ஃபெரெட்டுக்குத் தேவையான, மாமிசத்தில் கிடைக்கும் டாரின் என்ற சத்து போதாது. தாவரப் புரதத்தையே நம்பி வளர்த்தால் சிறுநீர்ப்பையில் கல் உண்டாகும்.

பாக்கெட்டின் முன்பக்கத்தில் உள்ள கோழிப் படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பின்னால் பொடி எழுத்தில் உள்ளதுதான் விஷயம். சேர்மானப் பட்டியலில் எது எடை கூடுதலோ அது முதலில் வரும். முதல் மூன்றுக்குள் சோளமோ அரிசியோ கோதுமையோ இருந்தால் பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிடலாம். கோழி, கோழித்தூள், முட்டை இப்படி இருக்கவேண்டும். புரதம் குறைந்தது 35 சதவீதம், கொழுப்பு 18க்கு மேல், நார்ச்சத்து 3க்குள்.

மாவுச்சத்து எவ்வளவு என்று பெரும்பாலும் அச்சடிக்க மாட்டார்கள். நாமே கணக்குப் போடவேண்டியதுதான். நான் கடையில் நின்றே போனில் போட்டுவிடுவேன். உதாரணத்துக்கு: புரதம் 36, கொழுப்பு 18, நார் 3, ஈரம் 10, சாம்பல் (தாது உப்புகளைத்தான் அப்படிப் போடுகிறார்கள்) 8. கூட்டினால் 75. நூறில் கழித்தால் மிச்சம் 25, அதுதான் மாவுச்சத்து. கொஞ்சம் அதிகம்தான். 20க்குப் பக்கத்தில் கிடைத்தால் நல்லது. சாம்பல் அளவு போடவில்லை என்றால் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டின்னில் வரும் ஈர உணவில் புரதம் 8 சதவீதம் என்று இருக்கும். பார்த்ததும் மலைக்கவேண்டாம். அதில் 80 சதவீதம் தண்ணீர். மிச்சம் 20ல் 8 என்றால் உலர் கணக்கில் 40 சதவீதம் ஆகிறது.

மூன்றாம் படி: கோழிக்கடை

உலர் உணவு அடிப்படை, கோழி கூடமாட. புதிதாக வளர்ப்பவர்கள் இந்த வரிசையை மாற்றவேண்டாம் என்பது என் கருத்து. எலும்பில்லாத கோழிக்கறியை மட்டுமே தினமும் போட்டால் சுண்ணாம்புச்சத்து குறைந்துவிடும்.

கடையில் தொடைக்கறியும் இதயமும் கேளுங்கள். நெஞ்சுக்கறியைவிட இவற்றில் டாரின் கூடுதல். உப்பு, மஞ்சள், வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் வெறும் தண்ணீரில் வேகவைத்து, சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கிக் கொடுங்கள். வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். டாரின் அதில்தான் கரைந்து கிடக்கும். ஆறவைத்து அதையும் கிண்ணத்தில் ஊற்றலாம். ஈரல் வாரத்துக்கு ஒன்றிரண்டு துண்டு போதும். வெந்த எலும்பு கூடாது, சிலும்பாக உடைந்து குடலைக் குத்தும்.

பச்சை மாமிசம் போட்டு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் சால்மொனெல்லா கிருமி உண்டு. வீட்டில் கைக்குழந்தையும் வயதானவர்களும் இருந்தால் வேகவைத்ததே நிம்மதி.

குளச்சலும் முட்டமும் பக்கத்தில் இருக்க, மீன் கேள்வி வராமல் இருக்காது. மணம் பிடித்ததும் சுண்டு சமையலறை வாசலில் நின்று குதிக்கும். நெத்திலி போன்ற சில மீன்களைப் பச்சையாகக் கொடுத்தால் அதிலுள்ள ஒரு நொதி பி1 வைட்டமினை அழித்துவிடும். வேகவைத்தால் அந்தப் பிரச்சினை இல்லை. முள் எடுத்த வெந்த மீன் வாரத்துக்கு ஒருநாள் ஒரு துண்டு, அவ்வளவுதான். கருவாடு கூடாது, உப்பு. குழம்பு மீனைக் கழுவிக் கொடுப்பதும் கூடாது.

நான்காம் படி: மெதுவாக மாற்றுங்கள்

இதில்தான் எனக்கு வியர்த்தது. ஃபெரெட்டுக்கு ஆறு மாத வயதுக்குள் எந்த மணம் பழகுகிறதோ அதுதான் சாப்பாடு. அதற்குப் பிறகு புதிதாக எதை வைத்தாலும், அது தின்கிற பொருள் என்றே அதற்குத் தோன்றாது. எங்களிடம் வரும்போது சுண்டுவுக்கு ஒரு வயது தாண்டியிருந்தது.

பழைய உணவில் கால்வாசி புதியதைக் கலந்து, பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சுண்டு கெட்டிக்காரன், பழையதை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுப் புதியதைக் கிண்ணத்துக்கு வெளியே தள்ளிவிட்டது. கடைசியில் இரண்டையும் மிக்ஸியில் பொடித்து, கோழி வேகவைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து, விரலால் உதட்டில் தடவினேன். நக்கியது. நாலாம் நாள் கிண்ணத்திலேயே தின்றது. பசித்தால் தானாகத் தின்னும் என்று பட்டினி போட்டுவிடாதீர்கள், சர்க்கரை அளவு இறங்கிவிடும்.

ஐந்தாம் படி: நம் ஊர் வெயிலும் மழையும்

ஃபெரெட்டுக்கு வியர்வை கிடையாது என்றே சொல்லலாம். 30 டிகிரிக்கு மேல் போனால் திணறும். மார்ச், ஏப்ரலில் சாப்பாடு குறையும். விடியற்காலையிலும் ராத்திரியிலும் கோழி வையுங்கள். தண்ணீரைக் கனமான மண் சட்டியில் வையுங்கள், லேசான கிண்ணம் என்றால் கவிழ்த்துவிட்டுத்தான் மறுவேலை.

நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. பெரிய பாக்கெட் மலிவு என்று வாங்கினால் பாதியிலேயே சிக்குவாடை அடிக்கும். சின்ன பாக்கெட்டாக வாங்கி, இறுக்கமான மூடி உள்ள டப்பாவில் வையுங்கள். கோழித்துண்டு அரை மணி நேரத்துக்குமேல் கிண்ணத்தில் கிடக்கக் கூடாது. ஒளித்துவைத்ததையும் தேடி எடுங்கள். எங்கள் வீட்டில் எறும்பு வரிசைதான் வழிகாட்டி: பீரோவுக்கு அடியில், என் பழைய கான்வாஸ் ஷூவுக்குள், ஒரு கைப்பிடி உணவும் காய்ந்துபோன இதயம் ஒன்றும் இருந்தன.

கொடுக்கவே கூடாதவை: பால், சாக்லேட், உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, பழம், பிஸ்கட், தேங்காய். மாவும் இனிப்பும் கணையக் கட்டிக்குக் காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் சந்தேகிக்கிறார்கள். நடுத்தர வயது ஃபெரெட்டுகளில் அந்தக் கட்டி சாதாரணம். அது வந்தால் ரத்தத்தில் சர்க்கரை அளவு இறங்கிவிடும். வெறித்துப் பார்ப்பது, வாயில் எச்சில் வடிவது, பின்னங்கால் இழுப்பது இதெல்லாம் சர்க்கரை இறங்கியதன் அடையாளம். நினைவு இருந்தால் ஈறில் ஒரு சொட்டு தேன் தடவி, தெளிந்ததும் கோழி கொடுத்து, உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். தேனுக்கு அந்த ஒரு நேரத்தில் மட்டும்தான் அனுமதி.

சாப்பாட்டுப் பட்டியலில் இல்லாத ஒன்றையும் சொல்லவேண்டும்: ரப்பர். ஃபெரெட்டுக்கு அதைக் கடிக்க அவ்வளவு ஆசை. நம் மாவட்டத்தில் ரப்பருக்கா பஞ்சம்? கொடியில் காயும் ஷீட், வாசலில் கிடக்கும் செருப்பு, பொட்டலத்தில் போட்டுவந்த ரப்பர் பேண்டு எல்லாம் எட்டாத இடத்துக்குப் போகட்டும். ஒரு துண்டை விழுங்கினாலும் குடல் அடைத்து அறுவைச் சிகிச்சை வரை போய்விடும்.

ஆறாம் படி: தட்டையும் தராசையும் பாருங்கள்

வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். பொதுவாக ஆண் ஒன்று முதல் இரண்டு கிலோ, பெண் அதில் பாதி. மலம் கெட்டியாக, பழுப்பாக இருந்தால் உணவு ஒத்துக்கொண்டது. மணிமணியாக வந்தால் சரியாகச் செரிக்கவில்லை. பச்சையாகச் சளிபோல வந்தாலோ, கறுத்துத் தார்போல வந்தாலோ, ஒரு வேளைகூடத் தின்னாமல் சுருண்டு கிடந்தாலோ காத்திருக்கவேண்டாம்.

நம் பக்கத்தில் மாடும் ஆடும் நாயும் பார்க்கும் மருத்துவர்கள்தான் அதிகம். அதனால் போகும்போது உணவுப் பாக்கெட், எடை எழுதிய நோட்டு, டப்பாவில் கொஞ்சம் மலம் மூன்றையும் கொண்டுபோங்கள். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும்போது "கீரிக்கா டிக்கெட்?" என்று கேட்பார்கள். நான் இப்போதெல்லாம் ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.